மிச்சம் யாருடையது?

கார் பார்க்கப் போன அன்று என் சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. அதில் 23 கேள்விகள். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்ல வேண்டும். நான்கு டயரும் ஒரே வருஷத்தில் தயாரானவையா, ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சர்வீஸ் ரசீதில் உள்ள கிலோமீட்டர் மீட்டரோடு ஒத்துப்போகிறதா, இன்சூரன்ஸில் க்ளெய்ம் ஏதும் எடுத்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். பழைய கார் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட நண்பர்களிடம் ஒரு மாதம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த தாள் அது. இந்த ஆள் எதை மறைக்கிறார் என்பதுதான் 23 கேள்விகளுக்கும் அடியில் இருந்த கேள்வி.

போடியில் அவர் வீட்டு வாசலில் தாளை எடுக்கவே அவர் விடவில்லை.

"உக்காருங்க தம்பி. மொதல்ல நானே எல்லாத்தையும் சொல்லிர்றேன். அப்புறம் புடிச்சா பாருங்க, புடிக்கலைன்னா காபி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

சொன்னார். "2019ல காய் வெலை ஏறுச்சுல்ல, அந்த வேகத்துல எடுத்தது." இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதற்கு முந்தின வருஷத்து வெள்ளமும் பின்னால் வந்த வறட்சியும் மலையில் ஏலக்காய் விளைச்சலை அடித்துவிட, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாய் வரை போனது. நான் அவர் வாசலில் உட்கார்ந்திருந்தது 2022ல். விலை ஆயிரத்துக்குக் கீழே வந்திருந்தது.

கார் ஒரு ஜெர்மன் கம்பெனியின் சின்ன ஹேட்ச்பேக். டர்போ பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர். "கோயம்புத்தூர்ல ஒரு பட்டறையில குடுத்து ஸ்டேஜ் ஒன் மேப் ஏத்தியிருக்கேன். ஸ்பிரிங் மாத்தி வண்டியைக் கொஞ்சம் எறக்கியிருக்கு. ஏர் ஃபில்டர் வேற. முன்பக்கம் எடது ஓரத்துல ஒரு தடவை உரசி பெயின்ட் அடிச்சது. பிரேக் கம்பெனியோடதுதான், அதைத் தொடல." கழற்றிய ஸ்பிரிங்குகளும் பழைய ஃபில்டரும் ஓர் அட்டைப்பெட்டியில் அப்படியே இருந்தன. கூடவே ஒரு கேபிள், ஒரு பென் டிரைவ். பென் டிரைவில் இரண்டு ஃபைல்கள்: ஒன்று கம்பெனி கொடுத்த மேப், இன்னொன்று ஏற்றிய மேப்.

அன்று நான் ஏமாறவில்லை. சொன்ன எதுவும் பொய்யில்லை என்று அடுத்த வாரமே மெக்கானிக் சொல்லிவிட்டார். விலையும் நியாயம். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான். விற்றவர் எதையும் மறைக்கவில்லை. வாங்கியவன் எல்லாம் தெரிந்தே வாங்கினான். அப்படி ஒரு வியாபாரத்திலிருந்து ஒரு தவறு எங்கே முளைத்தது?

*

பழைய கார் வியாபாரத்தை வைத்துப் பொருளாதாரத்தின் போக்கையே மாற்றிய ஒரு கட்டுரை உண்டு. ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் எழுதியது. மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு நான்காவதில் வெளிவந்தது. 2001ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அதுவே முக்கியக் காரணம். அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஓட்டைக் காருக்கு எலுமிச்சை என்று பெயர். எது நல்ல கார், எது எலுமிச்சை என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாததால் அவர் எல்லாவற்றுக்கும் ஒரு நடுவாந்தர விலைதான் சொல்வார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் ஏன் விற்கப் போகிறார்? அவர் ஒதுங்கிக்கொள்வார். கடைசியில் சந்தையில் எலுமிச்சைகள் மட்டும் மிஞ்சும். ஒருவருக்குத் தெரிந்ததும் மற்றவருக்குத் தெரியாததும் சேர்ந்து ஒரு சந்தையையே கெடுத்துவிடும் என்பதுதான் அகர்லாஃப் காட்டியது.

இதே கேள்வியை கி.மு. 44ல் சிசரோ தன் மகனுக்கு எழுதிய 'கடமைகள்' என்ற நூலில் கேட்டிருக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்டிரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறார். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவருக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டுமா, சொல்லாமல் நல்ல விலைக்கு விற்கலாமா? அடுத்து ஒரு வீடு. படுக்கையறைகளில் பாம்பு வரும், மரம் உளுத்திருக்கிறது, வீட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவர் என்ன செய்ய வேண்டும்? பாபிலோனின் டயோஜெனஸ், சொல்லாமல் இருப்பது மறைப்பது ஆகாது என்கிறார். அவருடைய மாணவர் அந்திபேட்டர், மனிதர்கள் ஒருவருக்கொருவர் உறவு பூண்டவர்கள், சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் சேர்கிறார். நம்மிடமும் இந்த யோசனை பழையது. திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரம் முடிவதே ஒரு வணிகரைப் பற்றித்தான். பிறர் பொருளைத் தன் பொருள்போலப் பேண வேண்டும் என்று அந்தக் கடைசிக் குறள் கேட்கிறது.

இந்த அளவுகோல் எதை வைத்துப் பார்த்தாலும் போடிக்காரர் தேறிவிடுவார். அந்திபேட்டர் இருந்திருந்தால் அவரிடமே கார் வாங்கியிருப்பார்.

ஆனால் இந்த விவாதங்களிலெல்லாம் எப்போதும் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள், விற்பவரும் வாங்குபவரும். அவர்களுக்குள் நியாயமாக முடிந்தால் கணக்கு முடிந்தது. உளுத்த வீடு இடிந்து தெருவில் போகிறவர் தலையில் விழுந்தால் என்ன என்று டயோஜெனஸும் கேட்கவில்லை, அந்திபேட்டரும் கேட்கவில்லை.

*

என் ஊர் சிலமலை. போடியிலிருந்து தேவாரம் போகிற சாலையில் இருக்கிறது. வேலை மலைக்கு மேலே, பூப்பாறைப் பக்கம், தோட்டக் கணக்கு பார்ப்பது. வாரத்தில் ஆறு நாள் போடி, முந்தல் வழியாக ஏற்றம். முந்தலைத் தாண்டினால் போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். தினமும் ஏறி இறங்கத்தான் கார். அதற்கு இந்தக் கார் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். ஆல்ட்டோ போதாதா என்றார் அப்பா. போதும். ஆசைதான் காரணம் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இருக்கவில்லை.

அந்த ஆசையைச் சின்னதாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. வளைவில் இரண்டாவது கியர் போட்டு, ஸ்டீயரிங் நேராகத் தொடங்கும்போது மிதித்தால், ஒரு கணம் ஒன்றும் நடக்காது. அப்புறம் டர்போ எழும். முதுகை யாரோ உள்ளங்கையால் தள்ளுவதுபோல இருக்கும். காலை ஆறரைக்குப் புலியூத்துப் பக்கம் வெயில் இன்னும் இறங்காத பாறையை ஒட்டி அப்படி ஏறுகிறவன், அன்றைக்குப் பார்க்க வேண்டிய கணக்குப் புத்தகத்தை மறந்துவிடுவான். நான் மறந்தேன். மாதச் சம்பளக்காரனுக்கு ஒரு நாளில் கிடைக்கும் நாற்பது நிமிஷ விடுதலை.

மேப் என்பது என்னவென்று கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரரிடம் ஒருமுறை போனில் கேட்டேன். தமிழ்நாட்டில் கார் ரேஸ் என்றாலே கோயம்புத்தூர். கரிவர்தன் என்ற பொறியாளர் மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டியது அங்கேதான், அவர் பெயரில் ஓர் ஓடுதளமே இருக்கிறது. அந்த ஊர்க்காரருக்கே உரிய பொறுமையோடு விளக்கினார். இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி, டர்போ எவ்வளவு காற்றழுத்தம் என்பதையெல்லாம் ஒரு சின்னக் கணினி தீர்மானிக்கிறது. அதில் உள்ள எண்களை மாற்றினால் ஒரு நட்டு போல்ட்டைக்கூடத் தொடாமல் இருபது, இருபத்தைந்து சதவீதம் பலம் கூடும். "கம்பெனிக்காரன் மிச்சம் வெச்சுத்தானுங்க குடுப்பான். அந்த மிச்சத்த நாம எடுத்துக்கறோம். அவ்வளவுதானுங்க."

மிச்சம் ஏன் வைக்கிறார்கள்? மட்டமான பெட்ரோல் ஊற்றுகிறவர் இருப்பார். ஆயில் மாற்ற மறப்பவர் இருப்பார். சித்திரை வெயிலில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மலையேறுபவர் இருப்பார். ஏழு வருஷம் ஓடித் தேய்ந்த இன்ஜின் இருக்கும். இன்னார் என்று தெரியாத இத்தனை பேருக்காகவும் பொறியாளர் ஒதுக்கி வைப்பதுதான் அந்த மிச்சம். நான் நல்ல பெட்ரோல் போடுவேன், ஆயிலை நேரத்துக்கு மாற்றுவேன். என் பங்கு மிச்சத்தை நான் எடுத்துக்கொண்டால் யாருக்கு நஷ்டம்? அப்படித்தான் நினைத்தேன். இன்ஜினைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

*

அதே மாதம் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. ஏஜென்ட் போனில் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "வண்டியில மாடிஃபிகேஷன் ஏதாவது?" நான் ஒரு நொடி தாமதித்திருப்பேன். "இல்லைன்னு போட்டுர்றேன் சார்" என்று அவரே முடித்துவிட்டார். நான் மறுக்கவில்லை. டயோஜெனஸ் சொன்னதுதானே, பேசாமல் இருப்பது மறைப்பதாகாது.

டயோஜெனஸின் இந்த வாதம் ஓர் இன்சூரன்ஸ் வழக்கில் லண்டன் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சுமத்ராவில் ஒரு கோட்டையின் ஆளுநர், எதிரி பிடித்துக்கொண்டால் ஈடு கிடைக்கும்படி இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை பலவீனமாக இருந்ததை அவர் சொல்லவில்லை என்றார் பணம் கொடுக்க வேண்டியவர். 1766ல் தீர்ப்பளித்த மான்ஸ்ஃபீல்டு பிரபு சிசரோவின் அந்த இடத்தையே எடுத்துக்காட்டினார். வழக்கில் ஆளுநர் ஜெயித்தார். ஆனால் தீர்ப்பில் இருந்த விதி இன்றுவரை இன்சூரன்ஸ் சட்டத்தின் அஸ்திவாரம்: ஆபத்தை எடைபோடத் தேவையான, உனக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை நீயாகச் சொல்ல வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ம் பிரிவும் இருக்கிறது. தயாரித்தவர் தந்த விவரங்களோடு பொருந்தாதபடி வண்டியை மாற்றக் கூடாது என்று அதை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வழக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலிருந்து போனது. அதே வருஷம் வந்த சட்டத்திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றும் சேர்த்தார்கள். எனக்குத் தெரியும். சைலன்சர் மாற்றினால் சத்தம் காட்டிக்கொடுக்கும். மேப்புக்குச் சத்தமில்லை. செக்போஸ்ட்டில் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்பதும் தெரியும்.

என்னிடம் ஒருவர் எல்லாவற்றையும் சொன்னார். அப்படிச் சொன்னதால் அவர் கை சுத்தமானது. விஷயம் என் கைக்கு வந்தது. நான் அதை அடுத்தவருக்குச் சொல்லவில்லை.

அந்த பாலிசிக் காகிதத்தில் ஒரு சொல் இருந்தது: மூன்றாம் நபர். முதல் நபர் நான், இரண்டாம் நபர் கம்பெனி. எங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத, எங்களைத் தெரியவே தெரியாத, ஆனால் எங்களால் அடிபடக் கூடியவர் மூன்றாம் நபர். சொந்தக் காருக்கு இன்சூரன்ஸ் எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம் என்கிற சட்டம், இவருக்காக மட்டும் எடுத்தே தீர வேண்டும் என்கிறது. சிசரோவின் விவாதத்தில் நான் தேடிக் காணாத ஆள் பாலிசியில் இருந்தார். பிரீமியத்தைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை டேஷ்போர்டில் போட்டு மூடினேன்.

*

அடுத்த வருஷம் ஜூலை. மலையில் காய் எடுப்பு தொடங்கியிருந்தது. அந்த நாட்களில் காலை ஐந்தரையிலிருந்து சாலை முழுக்க ஜீப்புகள். சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் என்று கீழே இருக்கிற ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளத் தோட்டங்களுக்குப் போகிறவை. என் சித்தியும் அப்படிப் போகிறவர்தான். நாலு மணிக்கு எழுந்து சோறு கட்டி, தலைக்குத் துணி சுற்றி, தெருமுனையில் நிற்பார்.

அன்று எனக்கு முன்னால் ஒரு ஜீப் உறுமிக்கொண்டு ஏறியது. பின்பக்கம் எதிரெதிராக உட்கார்ந்திருந்த பெண்கள் என் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வளைவுகளுக்கு நடுவே ஒரு நேர்த்துண்டு வந்தது. மேலேயிருந்து ஒரு காய்கறி வண்டி இறங்குவது தெரிந்தது. தூரம், என் வேகம், என் வண்டியின் பலம் மூன்றையும் கண் கணக்குப் போட்டது. முடியும் என்றது. கியரைக் குறைத்து மிதித்தேன். டர்போ எழுந்தது. ஜீப்பைத் தாண்டி உள்ளே நுழைந்துவிட்டேன். கணக்கு சரி. எதிர் வண்டி என் அருகில் வரும்போது ஒரு காரின் நீளத்துக்கு மேலேயே இடம் இருந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். ஜீப் பிரேக் போட்டு, ஈர மண்ணில் சறுக்கி, தடுப்புச் சுவரை நோக்கித் திரும்பி நின்றிருந்தது. ஒரு தூக்குவாளி வெளியே விழுந்து சாலையில் உருண்டுகொண்டிருந்தது. சோறு கொட்டியிருந்தது.

போடிமெட்டில் டீக்கடையில் நின்றேன். ஏன் நின்றேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை, வேகமாகப் போயிருக்கலாம். கால் மணி நேரத்தில் ஜீப் வந்தது. டிரைவர் இறங்கி என் பக்கம் வந்தார். ஐம்பது வயதிருக்கும். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சத்தம்கூடப் போடவில்லை.

"தம்பி, ஒங்க வண்டிக்கு எடம் இருந்துச்சு. எனக்கு இல்லய்யா."

அவ்வளவு சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார்.

*

ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கும் அடியில்லை. நஷ்டம் ஒருவரின் மத்தியானச் சாப்பாடு. அப்படியானால் நான் செய்தது எவ்வளவு பெரிய தவறு?

1976ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். நேகல் சொல்லும் உதாரணம் ஒரு லாரி டிரைவர். பிரேக்கைச் சோதிக்காமல் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிட்டார். ஒரு குழந்தை குறுக்கே ஓடினால் ஆயுள் முழுக்க அந்தச் சாவு அவர் தலையில். குழந்தை ஓடவில்லையென்றால் அவர் வெறும் அசட்டையான ஆள். இரண்டு பேரும் செய்தது ஒன்றேதான், நடுவில் இருந்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை வைத்து மனிதனை எடைபோடலாமா? கூடாது என்று மனம் சொல்லும். ஆனாலும் போடுகிறோம். நான் என்னை அப்படித்தான் எடை போட்டுக்கொண்டேன். ஒரு வாரத்தில் அந்தக் காட்சியை "கிட்டத்தட்ட" என்ற சொல்லுக்குள் மடித்து வைத்துவிட்டேன். கிட்டத்தட்ட என்பது அதிர்ஷ்டசாலிகளின் சொல். அந்தச் சுவர் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அந்தச் சொல் கிடைத்திருக்காது.

நண்பன் ஒருவனிடம் சொன்னேன். கார் பைத்தியம். "மாப்ள, வேகம் மேப்புல இல்ல, காலுல இருக்கு. ஸ்டாக் வண்டியிலயும் நீ ஏறியிருப்ப" என்றான். இன்னொன்றும் சொன்னான்: பலம் இருந்தால் சீக்கிரம் தாண்டிவிடலாம், எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நேரம் குறையும், அதுதான் பாதுகாப்பு. இரண்டுமே பொய்யில்லை. அதனால்தான் பதில் தேட நாளானது.

சாம் பெல்ட்ஸ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1975ல் ஒரு வாதத்தை வைத்தார். காரில் பாதுகாப்பு கூடினால் ஓட்டுபவர் அதைப் பாதுகாப்பாகச் சேர்த்து வைக்க மாட்டார், அதைச் செலவழித்து இன்னும் கொஞ்சம் வேகமாகப் போவார், அதன் விலையில் ஒரு பங்கு நடந்து போகிறவர் தலையில் விழும் என்று. அவர் கணக்கின் அளவைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது. என் விஷயத்தில் அவர் சொன்னது நடந்தது. ஒரு வருஷத்தில் என் கால் மாறவில்லை, கண் மாறியிருந்தது. பழைய காரில் இடமாகவே தெரியாத இடைவெளிகள் இப்போது இடமாகத் தெரிந்தன. பிரேக்கைத் தொடவில்லை என்று போடிக்காரர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி 60ல் போனால் அதை நிறுத்தத் தேவையான ஆற்றல் ஒன்றரை மடங்கு இல்லை, இரண்டே கால் மடங்கு. பலத்தை ஏற்றியவர்கள் நிற்கும் திறனை ஏற்றவில்லை. நானும் கேட்கவில்லை. என் 23 கேள்விகளில் அது இல்லை.

ஜீப் டிரைவர் சொன்ன ஒரு வரியில் இது முழுக்க இருந்தது. இடம் இருந்தது உண்மை. அந்த இடத்தில் பாதி அவருடையது. எதிர் வண்டி வந்தால் ஒதுங்க, ஈர மண்ணில் மெதுவாகப் பிடிக்க, ஏறிய கூட்டத்தோடு தடுமாறாமல் நிற்க, அவர் முன்னால் விட்டு வைத்திருந்த மிச்சம் அது. பட்டறைக்காரர் எடுத்தது என் இன்ஜினின் மிச்சத்தை. அதை நான் காசு கொடுத்து வாங்கியிருந்தேன், எடுக்கலாம். அந்தப் பலத்தை வைத்து நான் சாலையில் எடுத்தது வேறொருவரின் மிச்சம். அதற்கு யாரும் என்னிடம் விலை சொல்லவுமில்லை, அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவுமில்லை.

மலைச்சாலைக்கு ஒரு பழைய விதி உண்டு, 1989ம் வருஷச் சாலை விதிமுறைகளிலேயே இருந்தது. இரண்டு வண்டிக்கு அகலம் போதாத இடத்தில் இறங்குகிற வண்டி நிற்க வேண்டும், ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். நிறுத்திவிட்டு மறுபடி நகர இறங்குபவருக்குச் சுலபம், ஏறுபவருக்குக் கஷ்டம் என்பதுதான் அதன் நியாயம். யாருக்குச் சுலபமோ அவர் காத்திருக்க வேண்டும். அன்று நாங்கள் இருவருமே ஏறிக்கொண்டிருந்தோம், அதனால் விதியின் எழுத்துக்கு நான் வெளியே. ஆனால் எங்கள் இருவரில் நிற்பது யாருக்குச் சுலபம் என்பதில் சந்தேகமே இல்லை.

*

ஒரு கேள்வி மிஞ்சியது. ஜீப் மட்டும் யோக்கியமா?

எங்கள் பக்கத்தில் மாற்றியமைத்த பழைய வண்டி என்றால் முதலில் ஜீப்தான். யுத்தத்துக்காக அமெரிக்காவில் பிறந்தது. 1947லிருந்து மஹிந்திரா இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. மலைக்கு வந்த பிறகு சீட்டை நீளமாக்கி, மேலே கம்பி கட்டி, பின்னால் படி வைத்து, யார் யாரோ கை வைத்துத்தான் இன்று ஓடுகிறது. எத்தனை பேர் ஏறலாம் என்று காகிதத்தில் இருப்பது ஒன்று, ஏறுவது ஒன்று. கவிழ்ந்து உயிர் போன கதைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. 52ம் பிரிவின் முன்னால் நானும் அந்த டிரைவரும் ஒரே வரிசையில்தான் நிற்போம்.

சித்தியிடம் கேட்டேன், அவ்வளவு நெருக்கிக்கொண்டு ஏன் ஏறுகிறீர்கள் என்று.

"அதை விட்டா அடுத்த ஜீப்பு எங்க இருக்கு? அன்னைக்குக் கூலி போச்சு. பயமா இல்லையான்னு கேப்ப. வளைவுல கண்ண மூடிக்குவேன்யா."

நெரிசல் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் மிச்சத்தைத் தின்பதுதான். ஆனால் அங்கே தின்னப்படுவது உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் மிச்சம், தின்ன வைப்பது கூலி. என் காரில் தின்னப்பட்டது வெளியே இருப்பவரின் மிச்சம், தின்ன வைத்தது நாற்பது நிமிஷச் சந்தோஷம். சட்டம் இரண்டையும் ஒரே அபராதத்தில் வைக்கலாம். நான் வைக்க முடியாது. கண்ணை மூடிக்கொள்ளும் சித்திக்கு எதிரே, கண் நிறைய இடைவெளிகளைப் பார்த்துக்கொண்டு நான் ஏறிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நான் தாண்டிய ஜீப்பில் சித்தி இல்லை. வேறு தோட்டம், வேறு ஜீப். சாயங்காலம் அதை விசாரித்துத் தெரிந்துகொண்டபோது வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. தூக்குவாளிக்காரர் யாருக்குச் சித்தியோ.

*

அடுத்த இன்சூரன்ஸ் புதுப்பிப்புக்கு முன்னால் பழைய மேப்பை ஏற்றினேன். கால் மணி நேர வேலை. பெட்டியில் இருந்த ஸ்பிரிங்குகளை மாட்ட ஒரு முழு நாள் ஆனது. ஏஜென்ட் மறுபடி கேட்டார், நான் "இல்லை" என்றேன், இந்த முறை அது உண்மை. பெருமைப்பட ஒன்றுமில்லை. "ஆமாம், இருக்கிறது" என்று சொல்லியிருக்க வேண்டிய வருஷத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. திறப்பதைவிடக் கழற்றுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

புலியூத்தைத் தாண்டும்போது அந்த உள்ளங்கையைக் கால் இன்னும் தேடுகிறது. ஜீப்புக்குப் பின்னாலேயே நாலு வளைவு போகிறேன். பூப்பாறைக்கு ஆறு நிமிஷம் தாமதம்.

போன மாதம் காரை விற்க முடிவு செய்தேன். வீட்டில் குழந்தை வந்திருக்கிறது, பெரிய வண்டி வேண்டும். கம்பத்திலிருந்து ஒரு பையன் வந்தான், இருபத்தி மூன்று வயதிருக்கும். போடிக்காரர் எனக்குச் சொன்ன மாதிரியே காபி கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். உரசல், ஸ்பிரிங், மேப், திரும்ப மாற்றியது. ஜீப் கதையையும் சொன்னேன். கவனமாகக் கேட்டான். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தான். அப்புறம் கேட்டான்:

"அண்ணே, அந்த ஃபைல் இருக்குல்ல?"

மேஜை டிராயரில் இருந்தது. விற்பவர் மறைக்கக் கூடாது என்ற பக்கத்தில்தான் நான் இருக்கிறேன், ஒரு மாமாங்கம் அதைப் பற்றி யோசித்தும் இருக்கிறேன். தவிர, நான் தராவிட்டால் கோயம்புத்தூரில் காசு கொடுத்தால் ஒரே நாளில் கிடைத்துவிடும். என் முன்னால் இருந்தது அவன். எதிரே இல்லாதவர்கள் முந்தல் சாலையில் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

"அழிச்சிட்டேன்பா" என்றேன்.

பொய்தான். குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்று வள்ளுவர் சொன்னதை மனம் உடனே துணைக்கு இழுத்தது. இது அந்தக் கணக்கில் வருமா என்று எனக்கு உறுதியில்லை. பையன் இரண்டு நாளில் சொல்கிறேன் என்று கிளம்பினான்.

இரவு எல்லோரும் தூங்கிய பிறகு பென் டிரைவை எடுத்து லேப்டாப்பில் செருகினேன். இரண்டு ஃபைல்கள். அவர் வைத்த பெயர்களே இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாவதை அழித்தேன்.